லத்தி அள்ளும் கையும் பூச்சி மருந்தும்

ஊட்டி படகு இல்லத்தருகே மட்டக் குதிரைகளை வைத்துச் சவாரி விடுபவர்களிடமும், மெரினா மணலில் குதிரை ஓட்டுபவர்களிடமும் குடற்புழுவைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு நேராக மருந்துக்குத்தான் போகிறது. எந்த மருந்து நல்லது, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும், என்ன விலை. குதிரையின் காலடியில் கிடக்கும் லத்தி அந்தப் பேச்சில் வருவதே இல்லை. அதை அள்ளுவது கொட்டடியில் ஆகக் கடைசி வேலை. பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பையன் தலையில் விழுகிற வேலை. இந்த வரிசையை மாற்றியாக வேண்டும் என்பதுதான் என் வாதம். குதிரையின் குடற்புழுவைக் கட்டுப்படுத்துவது முதலில் கைவேலை, மருந்து அதற்குப் பிறகுதான். அள்ளுகிறவரின் வேலைக்கு உரிய மதிப்பும் கூலியும் கிடைக்காதவரை, மருந்துக்குச் செலவழிக்கும் பணம் நீண்ட நாள் பலன் தராது.

நல்ல குதிரைக்காரர் விடிந்ததும் கொட்டடிக்குள் நுழைகிறபோது முதலில் தரையைப் பார்க்கிறார். இரவில் எத்தனை தடவை லத்தி போட்டிருக்கிறது, உருண்டையாக இருக்கிறதா இளகியிருக்கிறதா, மேலே சளி படர்ந்திருக்கிறதா, உடைபடாத கொள்ளு அப்படியே வெளியே வந்திருக்கிறதா என்பதெல்லாம் ஒரே நோட்டத்தில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆரோக்கியமான குதிரை ஒரு நாளைக்கு 6 முதல் 10 தடவை லத்தி போடும். குறைந்தால் சூலை என்னும் வயிற்றுவலி தொடங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிற்றில் அடைப்பு விழுந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். முழுக் கொள்ளு வெளியே வந்தால் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகியிருக்கலாம், அரம் போட வேண்டும். மெரினா போன்ற இடத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. நான்கைந்து லத்தி உருண்டைகளைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரைத்து வைத்தால், தீனியோடு குதிரை விழுங்கிய மணல் அடியில் படிந்து நிற்கும். பிறகு குளம்பு. கொக்கியைக் குதிகாலிலிருந்து முனைப்பக்கமாக இழுத்து, நடுவிலுள்ள முக்கோணத் திசுவின் இரு பக்கக் குழிகளையும் சுத்தம் செய்கிறார். கறுப்பாக, நாற்றத்தோடு ஏதாவது வந்தால் அழுகல். அதற்குப் பிறகு முன்னங்கால் ரோமத்தில் கண் போகிறது. அங்கே கடுகைவிடச் சிறிய மஞ்சள் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை பாட் ஈயின் முட்டைகள். குதிரை காலை நக்கும்போது புழு வாய்க்குள் போய், இரைப்பைச் சுவரில் மாதக்கணக்கில் கவ்விக் கிடக்கும். பிளேடை ரோமத்தின் போக்கிலேயே வைத்து அந்த முட்டைகளைச் சுரண்டி எடுப்பதும் புழு நீக்கம்தான். அதற்கு ஒரு சொட்டு மருந்து தேவையில்லை.

வளர்ந்த குதிரைகளில் இன்று பெரும்பாலும் காணப்படுவது சிறிய ஸ்ட்ராங்கைல் என்ற வட்டப்புழுக் கூட்டம். அதன் முட்டை லத்தியோடு வெளியே வருகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சில நாட்களில் பொரிந்து, தொற்றக்கூடிய இளம்புழுவாகி, பனித்துளியில் நீந்திப் புல் நுனிக்கு ஏறுகிறது. அந்தப் புல்லை மேய்கிற குதிரையின் பெருங்குடல் சுவருக்குள் புகுந்து கூடு கட்டிக்கொள்கிறது. சில சமயம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே உறங்குகிறது. உறங்கியவை மொத்தமாகக் கிளம்பினால் கடும் கழிச்சல் வரும். அந்த நிலைக்குப் போன குதிரைகளில் ஏறக்குறைய பாதி, சிகிச்சை செய்தாலும் பிழைப்பதில்லை. குதிரைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. இடம் இருந்தால் தான் லத்தி போட்ட இடத்தருகே மேயாது. புல்வெளி போதாமல் நெருக்கடி வந்தால்தான் அந்தப் புல்லில் வாய் வைக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நடப்பது அந்த நெருக்கடிதான். சவாரி முடிந்த குதிரைகள் ஊருக்குள் மிச்சமிருக்கும் புல்திட்டுகளில் கூட்டமாக மேய்கின்றன. மலைக் குளிரில் முட்டை பொரியக் கூடுதல் நாள் ஆகும், ஆனால் பொரிந்த புழு ஈரத்தில் நெடுநாள் உயிரோடிருக்கும். மெரினாவில் மேய்ச்சல் கிடையாது, சுடுமணலில் இளம்புழு காய்ந்து போகிறது. அங்கே லத்தியைத் தேக்கினால் வருவது ஈ. ஈ சுமந்துவரும் ஹாப்ரோனிமா புழு கண்ணோரத்திலும் கால் புண்ணிலும் இறங்கினால், வெயில் காலம் முடிகிறவரை புண் ஆறாது. இப்படி இரண்டு ஊரின் புழுக்கணக்கு வேறாக இருக்க, இரண்டிலும் ஒரே மருந்து, ஒரே இடைவெளி என்பது பொருந்தாது. இரண்டு இடத்துக்கும் பொதுவாகப் பொருந்துவது மண்வெட்டியும் கூடையும்தான்.

இடைவெளி வைத்து மருந்து கொடுக்கும் வழக்கம் முட்டாள்தனமாகப் பிறந்ததில்லை. 1966இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ட்ரட்ஜ், லயன்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை எல்லாக் குதிரைக்கும் மருந்து கொடுக்கும் முறையை முன்வைத்தார்கள். அவர்கள் குறிவைத்தது பெரிய ஸ்ட்ராங்கைல். அதன் இளம்புழு குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் பயணம் செய்து இரத்தக்கட்டியை உண்டாக்கி, குதிரையைச் சூலையில் கொன்றுகொண்டிருந்தது. அந்தப் புழு முட்டையிடும் பருவத்துக்கு வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் முறை அருமையாக வேலை செய்தது; பெரிய ஸ்ட்ராங்கைல் பல பண்ணைகளில் கிட்டத்தட்ட ஒழிந்தது. 1980களின் தொடக்கத்தில் குதிரைக்கு ஐவர்மெக்டின் வந்தபோது கவலை முடிந்தது என்றே உலகம் நம்பியது. ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்த மருந்து அது. 2015இல் அதற்காக அவருக்கும், அந்த நுண்ணுயிரியிலிருந்து மருந்தை உருவாக்கிய வில்லியம் கேம்பலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எதிரி மாறிய பிறகும் போர்முறை மாறவில்லை. சிறிய ஸ்ட்ராங்கைல்கள் ஃபென்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு உலகெங்கும் பழகிவிட்டன, பல இடங்களில் பைரான்டெலுக்கும் பழகிவிட்டன. 2002இல் நெதர்லாந்தில், குட்டிகளைத் தாக்கும் பெரிய உருளைப்புழு ஐவர்மெக்டினுக்கு அடங்கவில்லை என்று பதிவானது. குதிரையின் வட்டப்புழுவுக்கென்று ஐவர்மெக்டின் வகைக்குப் பின் புதிய மருந்து வகை எதுவும் வரவில்லை. கையில் இருப்பது மூன்றே வகை. அவற்றையும் நாம் வீணாக்கிக்கொண்டிருக்கிறோம்.

வீணாக்குகிறோம் என்று நான் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. எந்தக் குதிரைக் கூட்டத்தை எடுத்தாலும், வெளியேறும் புழுமுட்டையில் ஏறக்குறைய 80 சதவீதம் 20 சதவீதக் குதிரைகளிடமிருந்தே வருகிறது. மற்றவற்றின் உடலே புழுவை அடக்கி வைத்திருக்கிறது; அவற்றுக்கும் சேர்த்து மருந்து கொடுக்கும்போது நாம் சாகடிப்பது மருந்துக்குச் சாகக்கூடிய சாதுவான புழுக்களை மட்டுமே. மிஞ்சுவது முரட்டுப் புழு. எந்தக் குதிரை அந்த 20 சதவீதத்தில் சேர்ந்தது என்பது கண்ணால் பார்த்தால் தெரியாது. முதுகு மினுமினுப்பான குதிரைதான் கூட்டத்திலேயே அதிக முட்டையைக் கொட்டிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. சூடு ஆறாத லத்தியில் சில கிராம் எடுத்து, உப்பு கரையும் மட்டும் கரைத்த நீரில் கலக்கி, வடிகட்டி, கோடு போட்ட மெக்மாஸ்டர் கண்ணாடியில் விட வேண்டும். சில நிமிடத்தில் முட்டைகள் மிதந்து மேலே வரும். நுண்ணோக்கியில் எண்ண வேண்டியதுதான். ஒரு கிராமுக்கு 200க்குக் கீழ் இருந்தால் பொதுவாக விட்டுவிடலாம், 500க்கு மேல் என்றால் மருந்து தேவை. மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணினால், அந்தக் கொட்டடியில் அந்த மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு எதிராகக் குதிரைக்காரர்கள் வைக்கும் வாதங்களை லேசாக ஒதுக்க முடியாது. அன்றாடச் சவாரியில் பிழைப்பவருக்கு மருந்துக் குழாய் ஒரு தடவைச் செலவு. லத்தி அள்ளுவதோ ஒவ்வொரு நாளும் ஒரு மனிதரின் நேரம். அந்த நேரத்தில் இரண்டு சவாரி போயிருக்கலாம். உண்மைதான். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை லத்தி அள்ளினாலே புல்லிலுள்ள இளம்புழு பெருமளவு குறைகிறது, தினமும் முழு நிலத்தையும் துடைக்கத் தேவையில்லை. அள்ளியதற்கு மதிப்பும் உண்டு. மொட்டுக் காளானுக்கான எருவின் பழைய மூலப்பொருளே குதிரை லத்தியும் வைக்கோலும்தான். நீலகிரியில் அந்தக் காளான் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், கேரட் தோட்டங்களும் இருக்கின்றன. பச்சையாகப் புல்வெளியில் இறைக்காமல் குவித்து மக்கவைத்தால், குவியலின் உட்சூட்டிலேயே முட்டையும் புழுவும் செத்துவிடும். குவியலின் ஓரம் சூடாகாது, அதனால் அவ்வப்போது புரட்டிப் போட வேண்டும். முட்டை எண்ண எங்கே போவது என்ற கேள்விக்கும் பதில் உண்டு. நுண்ணோக்கி உள்ள எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. ஊருக்குள் அந்த ஏற்பாடு இல்லையென்றால் அது நிர்வாகத்தின் குறை, குதிரைக்காரரின் குற்றம் ஆகாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் டென்மார்க்கிலிருந்து வருகிறது. அங்கே 1999இலிருந்து மருத்துவரின் சீட்டு இல்லாமல் குதிரைக்குப் புழு மருந்து வாங்க முடியாது. வருமுன் காப்பாக எல்லாக் குதிரைக்கும் கொடுப்பதும் நின்றது. சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, முட்டை எண்ணி மட்டும் மருந்து கொடுத்த பண்ணைகளில் அந்தப் பழைய கொலைகாரப் பெரிய ஸ்ட்ராங்கைல் திரும்பியிருந்தது. இதைக் காட்டி, எண்ணிக்கையெல்லாம் வேண்டாம், பழையபடி எல்லாவற்றுக்கும் கொடுங்கள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. டென்மார்க் சொல்வது, மருந்தை முழுவதும் கைவிடாதே என்பதுதான். பெரிய ஸ்ட்ராங்கைலின் முட்டையும் சிறியதன் முட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், எண்ணிக்கை குறைவு என்று நம்பி ஏமாறலாம். ஆகவே வளர்ந்த குதிரை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஓரிரு தடவை மருந்து இருக்கட்டும். அதற்கு மேல் அதிக முட்டை போடுபவற்றுக்கு மட்டும். குட்டிகள் கணக்கு வேறு. அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, உருளைப்புழு குடலையே அடைத்துவிடும்; மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அவற்றுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

கொடுக்கும்போது எடை பார்த்துக் கொடுப்பதும் தொழில்தான். எடை மேடை வேண்டியதில்லை, தையல்காரரின் அளவு நாடா போதும். தோளுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிட்டத்தட்ட வந்துவிடும். ஒரு குழாயைக் கண்மதிப்பில் மூன்று குதிரைக்குப் பங்கிட்டால் யாருக்கும் முழு அளவு போய்ச் சேராது; அரைகுறை அளவு புழுவுக்கு நாம் கொடுக்கும் பயிற்சி. மெலிந்த குதிரைக்கெல்லாம் மருந்து என்ற பழக்கமும் போக வேண்டும். கூரான பல், போதாத தீனி, ஈ கடியால் பரவும் சர்ரா காய்ச்சல் எல்லாமே விலாவைத் துருத்த வைக்கும். சர்ராவுக்கு இரத்தச் சோதனை வேண்டும், பூச்சி மருந்து அதைத் தொடாது.

ஒருவர் மட்டும் அள்ளி, பக்கத்தில் மேய்கிற நான்கு குதிரைகளின் லத்தி அப்படியே கிடந்தால் அவருடைய உழைப்பு வீண். மேய்ச்சல் பொதுவானது, எனவே புழுவும் பொது. 2012க்கும் 2019க்கும் இடையே இந்தியாவில் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் ஏறக்குறைய 6.25 லட்சத்திலிருந்து 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. எஞ்சியிருக்கும் குதிரைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்காகவேனும் மலையூர் நகராட்சிகள் லத்தி குவிக்க ஓர் இடமும், அள்ளுகிறவர்களுக்குக் கூலியும் ஒதுக்க வேண்டும். கால்நடைத் துறை முகாம் போடும்போது மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன் லத்தி மாதிரியை வாங்கி எண்ணிப் பார்க்க வேண்டும். குதிரை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த தடவை பூச்சி மருந்து வாங்கப் போவதற்கு முன், அன்று காலை போட்ட லத்தியில் கொஞ்சத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குதிரையின் பெயரை எழுதி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.