வழியெல்லாம் வழுக்கள்

கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இத்துணை நீண்ட வழியைப் பஸ் வண்டியிற் கடப்பவருக்கு, கண்ணிற்படும் எழுத்துகளையெல்லாம் வாசிப்பதே பொழுதுபோக்கு. சென்ற மாதம் அவ்வாறு புறப்பட்ட நான், ஏறி அமர்ந்ததும் எதிரே ஓர் ஆசனத்தின் மேலிருந்த வாசகத்தைக் கண்டேன். கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனம் அது. சிங்களத்தின் கீழே தமிழும் இருந்தது. ஆனால், 'தா' இருக்க வேண்டிய இடத்தில் 'நா' நின்றது. அன்னையர் என்ன ஆனார்கள் என்பதை வாசகர்களே எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம்.

வவுனியாவில் தேநீர் அருந்துவதற்காக வண்டி நின்றது. எதிரேயிருந்த விடுதியொன்றில், "அரை வாடகைக்கு விடப்படும்" என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். நாம் தங்குவது அறை. ஒன்றிற் பாதி அரை. பாதி வாடகைக்கு இடந்தருவார்களோ என்று கேட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு உண்டாயிற்று. பக்கத்து மதிலில், "சுவற்றில் விளம்பரம் ஒட்டாதீர்" என்றோர் எச்சரிக்கை. கிணறு என்பது கிணற்றில் என்றும், வயிறு என்பது வயிற்றில் என்றும் ஆகும். சுவர் என்பதோ சுவரில் என்றே ஆகும்.

இவற்றையெல்லாம் எண்ணி நகைத்துக்கொண்டே வண்டியில் ஏறினேன். எனக்குப் பின்னால் நிறைமாதக் கர்ப்பிணியான பெண் ஒருவர் ஏறி, அந்த ஆசனத்தில் அமர்ந்தார். தற்செயலாக அண்ணாந்து பார்த்தார்; வாசித்தார்; ஒன்றும் பேசாமல் முகத்தை யன்னற்பக்கம் திருப்பிக்கொண்டார். என் நகைப்பு அக்கணமே அடங்கிற்று.

1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கிற்று. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழுக்கும் அந்நிலையை வழங்கிற்று. நெடுங்காலம் காத்திருந்து பெற்ற இடத்தில் நம் மொழி இப்படியா அமர்வது என்று மனம் நொந்தேன்.

ஆயினும், பிழை பிறரிடம் மட்டுமா உள்ளது? ஆனையிறவைக் கடந்து கொடிகாமத்தை அடைந்தபோது, நம்மவர் கடையொன்றில் "வாளைப்பழம்" தொங்கிற்று. வாளை நீரில் நீந்துவது. வாழையே குலை தள்ளுவது. நம் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பது பழகிப்போன வழக்கம். நாவுக்குத் தரும் சலுகையைக் கைக்கும் தரலாமோ?

யாழ்ப்பாணம் நெருங்கியதும் நடத்துநரை அழைத்து, ஆசனத்து வாசகத்தின் பொருளை மெல்லக் கூறினேன். சிங்கள இளைஞராகிய அவர் திடுக்கிட்டுப் போனார். "எனக்குத் தமிழ் பேச மட்டுந்தான் வரும், ஐயா, வாசிக்கத் தெரியாது. சரியானதை எழுதித் தாருங்கள். முதலாளியிடம் கொடுக்கிறேன்" என்றார்.

பெருமிதத்தோடு ஒரு தாளில் "கர்ப்பிணி தாய்மாருக்கு" என்று எழுதி நீட்டினேன். அருகிலிருந்த பாடசாலை மாணவி ஒருத்தி சற்றுத் தயங்கி, "குறை நினையாதீர்கள், ஐயா. நடுவில் ஒரு 'த்' வர வேண்டும்" என்றாள்.

நல்லூரிலே பிறந்து, 1848 இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவி, மாணவருக்கென்றே 'இலக்கணச் சுருக்கம்' இயற்றியவர் ஆறுமுக நாவலர். அவருடைய மண்ணில் இறங்கும் வேளையில் எனக்குக் கிடைத்த பாடம் இது! நாணத்தோடு அந்த ஒற்றை இட்டுக் கொடுத்தேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவர் தவறினால் அது அறியாமை. தெரிந்த நாம் தவறினால் அதற்கு என்ன பெயர்?

நடத்துநர் அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் நாளில் அதே வண்டி கிடைத்தால், முதலில் அந்த ஆசனத்தைத்தான் பார்ப்பேன்.