வலப்பக்கம் திரும்பினால் திறக்கும் கதவு

அரிசோனா மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பங்க்கை விட்டு வெளியே வந்து வலப்பக்கம் திரும்பியபோதுதான் அது நடந்தது. முதலில் 'சப்'பென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து கண்ணாடி உடையும் ஓசை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெரியவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி பார்த்தார். ஃபிரிட்ஜ் கதவு அகலத் திறந்து கிடந்தது. நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு காலன் பால் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஊறுகாய் ஜாடி சுக்குநூறாகியிருந்தது. அடுத்த இடப்பக்கத் திருப்பத்தில் கதவு, ஒன்றுமே நடக்காதது போல, தானாகவே மூடிக்கொண்டது.

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்கரை அங்கிருந்து சுமார் 130 கிலோ மீட்டர். முற்பகலிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள், ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில் வண்டியை ஓரங்கட்டி, மண்டியிட்டுப் பால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு 78 வயது, மனைவிக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. தரைவிரிப்பில் இறங்கிய பால் அரிசோனா வெயிலில் என்ன வாசனை தரும் என்பதை அடுத்த ஒரு வாரம் அவர்கள் அனுபவித்தார்கள்.

அமெரிக்காவில் 'ஆர்.வி.' என்று சொல்லப்படும் மோட்டார் வீடு நம் ஊர் பஸ் அளவு இருக்கும். படுக்கை, அடுப்பு, கழிவறை, குளியலறை எல்லாம் உள்ளேயே. ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் குளிர்காலத்தில் தெற்கேயும் கோடையில் வடக்கேயுமாக இதில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். சுதந்திரமான வாழ்க்கை என்று பார்ப்பவர்கள் பொறாமைப்படுவார்கள். ஆனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வீட்டையே கட்டிப்போட வேண்டும் என்பது அதில் வசிப்பவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர்க் குழாயைக் கழற்றி, மின்சார ஒயரைச் சுருட்டி, படியை மடக்கி, அலமாரிகளைச் சாத்தி... பெரியவர் இதற்கெல்லாம் ஒரு பட்டியலே வைத்திருந்தார். அதில் ஃபிரிட்ஜ் கிடையாது. காரணம், முன்பு வைத்திருந்த பழைய வண்டியில் அது தேவைப்பட்டதே இல்லை.

பழைய வண்டியில் இருந்தது மோட்டார் வீட்டுக்கென்றே செய்யப்பட்ட ஃபிரிட்ஜ். அதற்குக் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் குழாய்களுக்குள் அடைத்து, கீழே சின்னதாக ஒரு கேஸ் சுடரை எரியவிட்டால் போதும், மேலே குளிரும். நெருப்பைக் கொண்டு ஐஸ் செய்யும் இந்த வித்தையை 1922-ல் ஸ்வீடனில் பால்ட்சார் ஃபோன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். சத்தமே இல்லாத யந்திரம். ஆனால் குணம் பொல்லாதது. வண்டியைச் சரிவான இடத்தில் நிறுத்தினால் குழாய்க்குள் திரவம் தேங்கிக் கெட்டுப்போகும். முழுதாகக் குளிர ஒரு ராத்திரி எடுத்துக்கொள்ளும். அதன் கதவில் மட்டும் ஒரு கொக்கி இருந்தது. சாத்தினால் 'டக்'கென்று விழும். கைப்பிடியை இழுத்தால்தான் விடும்.

புதிதாக வாங்கிய வண்டியில் (புதிது என்றால் அவர்களுக்குப் புதிது, வேறொருவர் பத்து வருடம் ஓட்டியது) இருப்பது சாதாரண வீட்டு ஃபிரிட்ஜ். இடவசதி அதிகம், சீக்கிரம் குளிரும், விலையும் குறைவு. அதனால்தான் பல வண்டிகளில் இப்போது இதையே வைக்கிறார்கள். இதன் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது ஓரத்து ரப்பர் பட்டைக்குள் இருக்கும் காந்தம் மட்டுமே. விரல் நுனியால் இழுத்தால் திறந்துகொள்ளும். நகராத வீட்டில் அது போதும்.

வீடு நகர்ந்தால்? அந்த ஃபிரிட்ஜ் வண்டியின் வலது சுவரை ஒட்டி நடைபாதையைப் பார்த்து நிற்கிறது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது உள்ளே இருப்பதெல்லாம் இடப்பக்கம் தள்ளப்படும். பஸ் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வதில்லையா, அதுதான். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 25 கிலோ மீட்டர் வேகத்தில் திரும்பினால், எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விசை பக்கவாட்டில் தள்ளும். கதவும் அதில் அடுக்கிய பாட்டில்களுமாக 20 கிலோ என்றால், சுமார் 7 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. கூடவே ரோட்டில் ஒரு குழியும் இருந்துவிட்டால் காந்தம் எத்தனை நேரம் தாங்கும்? பாலைக் கதவுத் தட்டில் வைத்தது இன்னும் மோசம். கனமான பொருளைக் கதவில் வைப்பது, கதவைத் திறக்க ஓர் ஆளை உள்ளே உட்கார வைப்பதற்குச் சமம்.

கிராண்ட் கேன்யன் அருகே முகாமில் வண்டியை நிறுத்திய மறுநாள் காலை, மனைவி நடந்துவிட்டு வருவதற்குள் பெரியவர் வேலையை முடித்துவிட்டார். ஃபிரிட்ஜ் கதவில் நான்கு திருகாணிகளோடு பளபளவென்று ஓர் இரும்புத் தாழ்ப்பாள். குளியலறைக் கதவில் போடுவது போன்றது. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார்.

பாராட்டுவார் என்று எதிர்பார்த்தவரிடம், "இதைக் கழற்றிவிடுங்கள்" என்றார் அந்த அம்மாள்.

அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். நேற்று மண்டியிட்டுத் துடைத்தது அவரும்தான். ஆனால் மனைவியின் கண் முன்னால் இருந்தது வேறொரு ஃபிரிட்ஜ். 1950-களில், அவர் சிறுமியாக இருந்தபோது, வீட்டில் பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிப்போட வேண்டி வந்தது. அப்பா அதைக் கொல்லைப்புறம் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். வெகுநேரம் மல்லுக்கட்டிக் கதவைத் தனியாகக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த பிறகுதான் சாப்பிட வந்தார். "குப்பைக்குப் போவதற்கு எதற்கு இத்தனை சிரமம்?" என்று அவள் கேட்டதற்கு அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார்.

அந்தக் கால ஃபிரிட்ஜ்களில் கார்க் கதவு போல வெளிப்பக்கம் தாழ் இருந்தது. சாத்தினால் பூட்டிக்கொள்ளும், உள்ளே இருந்து திறக்க வழியில்லை. ஒளிந்து விளையாடும் குழந்தைகளுக்குக் காலி ஃபிரிட்ஜை விட நல்ல இடம் கிடைக்குமா? காற்றுப் புகாத பெட்டி. கனமான சுவர்கள் கத்தினாலும் சத்தத்தை வெளியே விடாது. அமெரிக்காவில் இப்படிப் பல குழந்தைகள் செத்துப்போனார்கள். பெற்றோர் தெருவெல்லாம் தேடிக்கொண்டிருக்க, பிள்ளை கொல்லையிலேயே கிடந்த கதைகள் அவை. கடைசியில் 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1958 அக்டோபர் முடிவுக்குப் பிறகு தயாராகும் எந்த வீட்டு ஃபிரிட்ஜையும் உள்ளே இருந்து தள்ளித் திறக்க முடிய வேண்டும். அதற்காக வந்த விதிமுறை விசையையும் குறிப்பிட்டது: 15 பவுண்டு, அதாவது 7 கிலோவுக்குள். ஒரு சின்னக் குழந்தை பயத்தில் உதைத்தால் திறக்க வேண்டும் என்ற கணக்கு. தாழ்கள் போய்க் காந்தப் பட்டைகள் வந்தது இப்படித்தான். குழந்தை தள்ளுகிறதா, ஃபிளாக்ஸ்டாஃப் திருப்பம் தள்ளுகிறதா என்று காந்தத்துக்குத் தெரியாது.

(நம் ஊரில் ஃபிரிட்ஜுக்குப் பூட்டும் சாவியும் வைத்திருந்தோம், இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது வேறு கவலை. உள்ளே இருக்கும் இனிப்பைப் பற்றியது.)

பெரியவர் வாதாடினார். உள்ளே நாலு தட்டு, நிறையச் சாமான். எந்தப் பிள்ளை நுழைய முடியும்? தவிர, தாழ்ப்பாள் தானாகப் போட்டுக்கொள்ளாது, யாராவது தள்ளினால்தான் உண்டு.

"அந்த யாராவது நம் பெரிய பேரன்தான்" என்றார் மனைவி.

அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு மாதம் இந்த வண்டி மகள் வீட்டுப் புழக்கடையில் நிற்கும். அப்போது ஃபிரிட்ஜை அணைத்து, காலி செய்து, தட்டுகளை எடுத்துக் கழுவி வைத்து, பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கதவை ஒருக்களித்து வைப்பார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் பகல் முழுவதும் பேரன்களின் ராஜ்யம்தான். மூத்தவனுக்கு ஒன்பது, இளையவனுக்கு ஆறு. தம்பியை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் ஓடிப்போய்விட ஒன்பது வயதுப் பையனுக்கு எத்தனை நேரம் ஆகும்? அவன் கெட்ட பையன் இல்லை. மறந்துவிடுவான், அவ்வளவுதான்.

திருகாணிகளைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆனது. அன்று மத்தியானம் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கிராண்ட் கேன்யனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

மாற்று ஏற்பாட்டைச் சொன்னவர் மனைவிதான். அகலமான ஒரு நைலான் பட்டை, முனைகளில் வெல்க்ரோ. ஃபிரிட்ஜின் பக்கவாட்டிலிருந்து கதவின் மேல் இழுத்து ஒட்டினால் திருப்பத்தைத் தாங்கும். ஒரே நிபந்தனை: எஞ்சின் ஓடும்போது மட்டும், அதாவது எல்லோரும் பெல்ட் போட்டு இருக்கையில் இருக்கும்போது மட்டும், அது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். வண்டி நின்றதும் கழற்றி ஸ்டியரிங் மேல் மாட்டிவிட வேண்டும். அங்கே தொங்கினால் அதை எடுக்காமல் வண்டியைக் கிளப்ப முடியாது, எடுத்தால் ஞாபகம் வந்துவிடும். பெரியவரின் பட்டியலை விட இது நல்ல யோசனை என்பதை அவரே ஒப்புக்கொண்டார், கொஞ்சம் தாமதமாக.

கனமான பால், ஜூஸ் எல்லாம் கீழ்த்தட்டுக்குப் போயின. கதவில் கடுகு சாஸும் வெண்ணெயும் மட்டும். உள்ளே சாமான் உருளாமல் இருக்க, ஸ்பிரிங் வைத்த கம்பி ஒன்றைத் தட்டுக்குக் குறுக்கே பொருத்தினார். தாழ்ப்பாள் விட்டுச் சென்ற நான்கு ஓட்டைகளை மறைக்கத்தான் வழி தெரியவில்லை. மனைவி கிராண்ட் கேன்யன் படம் போட்ட காந்த வில்லை ஒன்றை வாங்கி வந்து அதன் மேல் ஒட்டினார்.

அடுத்த கோடையில் பேரன்கள் இருவரும் இரண்டு வாரம் கூட வந்தார்கள். பட்டை போடும் உத்தியோகம் சின்னவனுக்கு. தினமும் காலையில் தாத்தா சாவியைத் திருகுவதற்கு முன், "பட்டை?" என்று கேட்பார். "போட்டாச்சு" என்று கத்திவிட்டு ஓடிவந்து பெல்ட்டை மாட்டிக்கொள்வான். முதல் நாள் வலப்பக்கத் திருப்பத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபிரிட்ஜையே பார்த்தார்கள். கதவு அசையவில்லை. மேல் அலமாரிதான் திறந்துகொண்டது.