பனியில் காயாத சவர்க்காரம்

கடையில் கட்டி கட்டியாய் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கையில் இரண்டு வெள்ளி இருந்தால் வாங்கிவிடலாம். அதைப் போய் வீட்டில் செய்வானேன் என்றுதானே கேட்கிறீர்கள்? என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு மீந்த எண்ணெய் ஒரு டின் நிறைய இருந்தது. சாக்கடையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும், ஆற்றுக்கும் கேடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததாக என் மூத்த மகள் வந்து நின்றாள். "சவர்க்காரம் செய்யலாம் அம்மா" என்றாள். எனக்கோ உடனே என் அப்பாயியின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாயி பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கியதும், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு, துணிக்குப் பதில் சாக்கு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். சவர்க்காரம் இல்லாமல் போன கதையை மட்டும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. லயத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் சொறியும் சிரங்கும். துவைக்க வழியில்லாமல் போட்ட துணியையே போட்டுக்கொண்டு திரிந்தார்களாம்.

அப்பாயி என்ன செய்தார் தெரியுமா? தேங்காய் மட்டையை எரித்துச் சாம்பலாக்கி, அடியில் ஓட்டை போட்ட தகரத்தில் நார் பரப்பி அதன்மேல் கொட்டுவார். மேலே தண்ணீர் ஊற்றினால் சாயத்தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக வடியும். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, தேங்காய் எண்ணெயோடு சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சுவார். சாம்பல் காரத்தில் செய்த சவர்க்காரம் கட்டியாகாது, கூழாகத்தான் இருக்கும். உப்புப் போட்டுக் காய்ச்சினால் இறுகும், ஆனால் அந்த நாளில் உப்புக்கு எங்கே போவது? கூழையே சிரட்டையில் வழித்து லயத்துக்கெல்லாம் கொடுப்பாராம். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் அடுப்பு மூட்டுவார். ஒருவரையும் பக்கத்தில் விடமாட்டார். அவருடைய முன்கையில் ஒரு பெரிய தழும்பு உண்டு. கேட்டால், "சவுக்காரம் தெறிச்சது" என்பார், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது திரிங்காப்பில். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகிற பாதையில், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். காலையில் கதவைத் திறந்தால் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தேங்காய் எண்ணெய் எங்கள் ஊரில் போத்தலிலிருந்து ஊற்றுகிற பொருளல்ல. கரண்டியால் தோண்டுகிற பொருள். கீழே ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அதுவே வினையாக வந்தது.

எண்ணெயும் காரமும் கலந்தால் சவர்க்காரம். இரண்டும் முழுதாகச் சேர்ந்துவிட்டால் காரம் மிச்சமிருக்காது. சரியான அளவில் செய்த சவர்க்காரம் அதனால்தான் கையைச் சுடுவதில்லை. ஆனால் சேரும் வரைக்கும் அந்தக் காஸ்டிக் சோடா சும்மா இருக்காது. தோலைத் தின்னும், கண்ணைக் குருடாக்கும். இது எனக்கு ஏட்டளவில் தெரியும். தெரிந்து என்ன பயன்?

எண்ணெயைச் சுடவைக்காமல், பாதி உறைந்த நிலையிலேயே சோடாத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். பத்து நிமிடத்தில் தோசை மாவு மாதிரி கெட்டியானது. ஆகா, இவ்வளவு சுலபமா என்று அச்சில் ஊற்றிவிட்டேன். உண்மையில் அது சவர்க்காரம் ஆகவில்லை. குளிரில் எண்ணெய் உறைந்திருக்கிறது. மறுநாள் காலையில் மேலே வெள்ளையாக ஆடை, அடியில் கண்ணாடி மாதிரி தண்ணீர். அத்தனையும் காரம். ஒன்பது வயதுச் சின்னவன் என்னவோ ஏதோ என்று விரலை விட்டுப் பார்த்தான்.

அலறல் கேட்டு ஓடினேன். காரத்துக்குப் புளிப்புத்தான் மாற்று என்று யாரோ சொன்னது நினைவில் இருக்க, காடிப் போத்தலைத் தேடினேன். என் வீட்டுக்காரர் போத்தலைத் தட்டிவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினார். அவர் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். மேலே பட்டால் முதலில் தண்ணீர், பிறகும் தண்ணீர் என்பது அவர்களுக்குப் பாடம். காடி ஊற்றினால் காரத்தோடு சேர்ந்து சூடு கிளம்பும். கழுவுகிற நேரமும் வீணாகும். திரிங்காப் தண்ணீரில் இருபது நிமிடம்! பையனுக்குப் பல் கிட்டியது. எரிச்சலில் அழுதானோ குளிரில் அழுதானோ, நான் அழுதது எனக்குத் தெரியும். பிறகு ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனோம். விரல் நுனியில் ஒரு வெள்ளி அகலத் தோல் உரிந்து, ஒரு மாதத்தில் ஆறியது.

அன்று ராத்திரி அப்பாயியின் தழும்பு கண்முன்னே வந்து நின்றது. பிள்ளைகள் தூங்கட்டும் என்று அந்த மனுஷி காத்திருந்ததை நான் ஏதோ சிடுசிடுப்பு என்றல்லவா நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டில் சவர்க்காரப் பேச்சே இல்லை. மறுபடி ஆரம்பித்தது யாரென்று நினைக்கிறீர்கள்? சின்னவனேதான். "இந்தத் தடவை அப்பா மட்டும் சோடாவைத் தொடட்டும்" என்றான்.

அப்படியே செய்தோம். வடிகட்டிய செம்பனை எண்ணெய் 700 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், காஸ்டிக் சோடா 145 கிராம், தண்ணீர் 350 கிராம். எல்லாம் தராசில்தான், கப்பில் அளந்தால் கணக்குத் தப்பும். சாக்கடை அடைப்பு நீக்க விற்கிற கலவைத் தூள் வேண்டாம். அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கலாம். சுத்தமான சோடா என்று கேட்டு வாங்குங்கள். என் வீட்டுக்காரர் மருந்தடிக்கும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வெளியே காற்றோட்டத்தில், தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் கூடாது, அரித்துவிடும், எவர்சில்வர்தான் சரி. நாங்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். என் மாமியார் மட்டும், "என்னப்பா இது, பெரட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்க வச்சிட்ட?" என்று முணுமுணுத்தார்.

எண்ணெயை இந்த முறை கைபொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி வைத்திருந்தோம். சின்னவன் தராசு எண்ணை வாசிக்க, மூத்தவள் நோட்டில் எழுதினாள். கலக்குகிற வேலை எனக்கு. முக்கால் மணி நேரம் ஆனது. தோள் விட்டுப் போயிற்று. பால் வாங்கிய அட்டைப்பெட்டிகளை அச்சாக வெட்டிக் கொடுத்தது மாமியார். ஊற்றியதும் பழைய கம்பளியில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தோம். மறுநாள் உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை. நான் கையுறை போட்டுக்கொண்டு அறுத்தேன்.

அறுத்த கட்டி காய வேண்டும். நான்கிலிருந்து ஆறு வாரம் என்பார்கள். அது வெயில் இருக்கிற ஊருக்கு. இங்கே பனியில் கட்டியெல்லாம் வியர்த்து வழிந்தது. அடுப்புக்கு மேலே பலகையில் மாற்றி அடுக்கினோம். சவர்க்காரம் காய்ந்ததா என்று பார்க்க மூத்தவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: ஒரே கட்டியை ஞாயிறுதோறும் நிறுப்பது. தண்ணீர் வற்ற வற்ற எடை குறையும். நிறுக்கும் உரிமையைச் சின்னவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 118, 113, 110 என்று நோட்டில் இறங்கிக்கொண்டே வந்தது.

ஒன்பதாவது ஞாயிறு, போன வாரத்து எண்ணே திரும்ப வந்தது. "காஞ்சிருச்சும்மா!" என்று கத்திக்கொண்டு வந்தான். அந்தக் கட்டியை மாமியார் வாங்கிக்கொண்டு குளிக்கப் போனார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரலில் ஏறிய கறை இதிலாவது போகுமா என்று அவருக்கு ஒரு ஆசை. கறை போகவில்லை. ஆனால் வெடித்திருந்த கை எரியவில்லை என்று சொல்லிவிட்டு, இன்னொரு கட்டியையும் எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.