மலை எங்கே?

நவீன ஓவியக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘நிலக்காட்சி’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். படத்தில் நாலு வர்ணப் பட்டைகள்தாம் இருக்கும். “மலை எங்கே ஐயா, ஆறு எங்கே?” நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் தமிழர் கேட்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நம்முடைய அன்பின் திணைகள் ஐந்து. தொல்காப்பியமோ காடு, மலை, வயல், கடற்கரை என்று நான்குக்குத்தான் நிலம் வகுத்தது. பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று பின்னால் இளங்கோவடிகள் விளக்கினார். அதற்கு உரிய பொருள் பிரிவு. மனத்தின் நிலை ஒன்றையே இடமாகப் பாடியவர்கள் நம் முன்னோர்.

சேத்தூரில் நின்று பார்த்தால் இது புரியும். இராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர் அது. ஐப்பசி மழை விட்டதும் மலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். சித்திரை வெயிலில் அதே மலை வெளிறி, வானத்தில் படிந்த அழுக்குப்போல் ஒதுங்கிவிடும்.

அங்கே இருந்த நிலத்தை விற்றுவிட்டு மதுரைக்குக் குடிபோன நண்பர் ஒருவருக்கு, அந்த மலையின் போட்டோவைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். “மலை அப்படியே இருக்கு அண்ணாச்சி. ஆனா ஊரைக் காணோமே!” என்றார்.

அவர் காணாததைத் தேடித்தான் சில ஓவியர்கள் உருவத்தையே கைவிட்டார்கள் என்று தோன்றுகிறது. ராம் குமார் (1924–2018) நகரத்து மனிதர்களின் வாடிய முகங்களை வரைந்துகொண்டிருந்தவர். 1960-இல் ஹுசேனுடன் காசிக்குப் போனார். காசியில் ஜனக்கூட்டத்துக்கா பஞ்சம்? ஆயினும் அவர் படங்களிலிருந்து மனிதர்கள் மறைந்தார்கள். நெருக்கியடித்த வீடுகளும் நீரும் மிஞ்சின. நாளடைவில் அவையும் கரைந்து, சாம்பலும் பழுப்புமான பரப்புகளாயின. அவர் இந்தியில் சிறுகதைகளும் எழுதியவர். ஓர் ஆளைச் சொல்லாமலே அவன் இல்லாத வெறுமையைச் சொல்லும் வித்தை கதைக்காரனுக்குத் தெரியாதா என்ன?

இதற்காக ஒவ்வொரு கிறுக்கலையும் கும்பிடச் சொல்லவில்லை. மலையைப் பார்த்துப் பழகாதவன் மலையை விட்டுவிட்டால், மிஞ்சுவது சுவருக்கு அடிக்கிற சாயந்தான். பழகியவன் விட்டுவிட்டால், வெயிலும் தூரமும் பிரிவும் மிஞ்சும். சற்று நேரம் பேசாமல் நின்றால் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.