கேட்டதைத் திரும்பச் சொல்லல்

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலாலும் மணிமுத்தாற்றாலும் பெயர்பெற்றது போலவே பீங்கான் தொழிலாலும் பெயர்பெற்ற ஊர். சென்ற கோடை விடுமுறையில் யாம் அங்கு ஒரு பட்டறையிற் பொம்மை வார்ப்பதைக் கண்டு நின்றபொழுது, களிமண் பிசையும் இயந்திரத்தில் தொழிலாளி ஒருவரது வலக்கை அகப்பட்டது. இரு விரல்கள் துண்டாயின.

உடனே கைப்பேசியில் 108ஐ அழைத்தோம். இச்சேவை தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அழைப்பு 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்குச் சென்று, அங்கிருந்தே அருகிலுள்ள வண்டிக்கு ஆணை பிறக்கும். "எவ்விடம்?" என்றது ஒரு குரல். "செராமிக் கம்பெனி" என்றோம். விருத்தாசலத்தில் அது விலாசமாகுமோ! மண் பூசிய கையுடன் நின்ற அம்மையார் ஒருவர் கைப்பேசியை எம்மிடமிருந்து வாங்கி, "தொழிற்பேட்டை, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து, மூன்றாவது கொட்டகை" என்றார். மறுமுனையில் இருந்தவர் அதனை அப்படியே திரும்பச் சொல்லி, "சரிதானே அம்மா?" என்று கேட்ட பின்னரே அடுத்த வினாவுக்குச் சென்றார்.

வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர் இளைஞர். காயத்தை அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடிக்கச் செய்தார். துண்டான விரல்களை நேரே பனிக்கட்டியில் இட முனைந்த எம்மைத் தடுத்து, ஈரத்துணியிற் சுற்றிப் பையிலிட்டு, அப்பையையே பனிக்கட்டிமேல் வைத்தார். நேரே பட்டால் தசை கெட்டுவிடுமாம். பின்னர்ச் சென்னையிலுள்ள மருத்துவரைத் தொலைபேசியிற் கலந்து, அவர் கூறிய மருந்தின் அளவைத் திரும்பச் சொல்லி, "ஆம்" என்ற விடை கிடைத்த பிறகே ஊசி போட்டார். மருத்துவமனைக்கும் முன்னறிவிப்புச் சென்றது.

நிற்க. யாம் அங்கு அடைந்தபோது எம்மை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. செய்தியைக் கேட்டவர் முறை மாறி வீடு சென்றுவிட்டார். எழுதியும் வைத்திலர், அடுத்தவரிடம் உரைத்தும் இலர். கால்மணி நேரம் வீணாயிற்று. கருவிமேற் பழிசொல்ல வழியில்லை; அது தன் வேலையைச் செம்மையாய்ச் செய்திருந்தது. எரிகோ சாலையிற் காயமுற்றவனைக் கண்ட சமாரியன், சத்திரக்காரனிடம் நேரிற் சொல்லி ஒப்படைத்த பின்னன்றோ சென்றான்! அவ்விளைஞரும் தம் கடமை முடிந்ததெனப் போய்விடாது, செவிலியை அழைத்து, விபத்து நேர்ந்த மணி, கொடுத்த மருந்து, விரல்கள் உள்ள பை ஆகியவற்றை ஒவ்வொன்றாய் வாய்விட்டுச் சொன்னார். செவிலியும் திரும்பச் சொன்னார்.

பின்னர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒரு விரல் பொருந்திற்று, மற்றொன்று பொருந்தவில்லை. அக்கால்மணி நேரத்தாலென்று துணிந்து கூற யாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் அதனை மறக்க இயலவில்லை.

விடுமுறை முடியுமுன் மீண்டும் அப்பட்டறைக்குச் சென்றோம். அம்மையார் சொல்லச் சொல்ல, விலாசத்தையும் 108 என்னும் எண்ணையும் சுவரில் எழுதினோம். எழுதி முடித்ததும், "எங்கே, உரக்கப் படியுங்கள் தம்பி" என்றார்.