340 ரூபாய் கடன்காரன்

அணுபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த நண்பன் ஒருவன். அவன் அப்பா ரிட்டயர் ஆகப் போறார், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும், அதுக்குள்ள வீட்டு லோன் வேணும். பேங்குல, "சிபில்ல பாக்கி காட்டுதே சார்" என்று கையை விரிச்சிட்டாங்க. பாக்கி எவ்வளவு தெரியுமா? 340 ரூபாய்! பழைய கம்பெனி சம்பளக் கணக்குல நின்னு போன வட்டி.

இதுல ரெண்டு விஷயத்தைப் பலரும் குழப்பிக்கிறாங்க.

ஒன்று, மினிமம் பேலன்ஸ் அபராதம். அந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக்கூடாது என்பது 2015 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி. அது கடனும் இல்லை.

இன்னொன்று ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி. இது கடனேதான். ஜன்தன் கணக்கின் 10,000 ரூபாய் ஓடி ஆனாலும் சரி, சம்பளத்தைப் பார்த்துக் கொடுக்கிற ஓடி ஆனாலும் சரி. அசலைக் கட்டிட்டு, கடைசி மாச வட்டி நின்னுட்டா, தாமதமான நாட்களை எண்ண ஆரம்பிச்சிடுவாங்க. தொகை சின்னதாச்சேன்னு யாரும் விடறதில்லை.

நண்பன் அன்னைக்கே பணத்தைக் கட்டிட்டான். ஆனா தாமதமான மாதங்கள் ரிப்போர்ட்டில் அப்படியேதான் இருக்கு. லோன் இன்னும் இழுத்துக்கிட்டிருக்கு.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் நாலுமே வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். வாங்கிப் பாருங்க. தப்பு இருந்தா புகார் கொடுங்க. 30 நாளில் சரி பண்ணலைன்னா, 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

வேலை மாறும்போது ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்கிறோம் இல்லையா? அதே வாரம் ஓடியையும் மூடி, பாக்கி இல்லைன்னு கடிதம் வாங்கிடுங்க மக்களே!