பாரத்தோடு அளத்தல்

நண்பருடையது சென்னையில் செய்த பழைய ஹெரால்டு. 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்குப் போனதும் இதே முன் சஸ்பென்ஷன்தான். ஸ்பிரிங் தளர்ந்து முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. சக்கரங்களின் தலை உட்புறம் சாய்ந்து, டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

ஸ்பிரிங் மாற்றியதும் அளக்கக் குனிந்தேன். மெக்கானிக் தடுத்தார்: "காலி வண்டியில அளக்கக் கூடாது சார். ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க."

ஏறினோம். வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, அது அமிழ்ந்து நிலைகொண்ட பிறகே அளந்தார். முதலில் உயரம்; பிறகு கீழ்க்கையின் அடியில் ஷிம் கூட்டிக் குறைத்துச் சாய்வு; கடைசியில்தான் டை ராடு. வரிசை மாறினால் எல்லாம் வீண்.

இதே நண்பரின் கவிதைகளைப் போன வருஷம் காலியாக நிறுத்தி அளந்தவன் நான். கோணல் என்று எழுதினேன். அவர் தாயார் இறந்த ஆண்டின் கவிதைகள் அவை. கோணல் கோணல்தான், அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எந்தப் பாரத்தில் என்று கேட்டிருக்க வேண்டும்.

பக்கத்து இருக்கையில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.